21 நாள், ஒரு சுற்று: கீமோவும் சிரிப்பும்

மார்ச் 2, ஞாயிறு. மருந்துக்கு முந்தின நாள்

நாளை முதல் சுற்று. ஒரு சுற்று என்பது 21 நாள். மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு கூட்டை மனதில் வைத்து இந்தக் குறிப்புகளை எழுதுகிறோம். வேறு மருந்தாக இருந்தால் நாள் கணக்கு முன்னே பின்னே ஆகும். உங்கள் கணக்கை உங்கள் நர்ஸிடம் கேட்டு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

'வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்' என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போவார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் சிரிப்பே வராத ஒரு நாளில், 'நான் சோர்ந்து கிடப்பதால்தான் கட்டி கரையவில்லையோ' என்று படுக்கையில் கிடப்பவர் தன்னையே நொந்துகொள்கிறார். அந்தப் பாரம் யாருக்கும் வேண்டாம். 2007-ல் ஜேம்ஸ் கோயின் குழுவினர் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். மனநிலை நன்றாக இருந்தவர்கள் அதனால் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. கட்டியைப் பார்த்துக்கொள்வது மருந்தின் பொறுப்பு. சிரிப்பு இறுகின தோளைத் தளர்த்தும், காத்திருக்கும் மணிகளைக் கொஞ்சம் சுருக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது முதல் பேச்சை எடுத்துக்கொடுக்கும். இதற்காகவே அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்று செய்ய வேண்டியது: போனில் தனியாக ஒரு ஃபோல்டர். அதில் 3 முதல் 10 நிமிடம் ஓடும் நகைச்சுவைத் துண்டுகள் 15 அல்லது 20. பாதியாவது காதால் கேட்கிற மாதிரி இருக்கட்டும், ஏனென்றால் நான்காம் நாள் திரையைப் பார்த்தாலே தலை சுற்றும். இணையம் இல்லாமலும் ஓடும்படி இறக்கி வையுங்கள். உங்களுக்கு உயிரான ஒன்று இருக்குமே, அதை மட்டும் மருந்து ஏற்றும் நாற்காலிக்குக் கொண்டுபோகாதீர்கள். குமட்டல் வரும் நேரத்தில் எதைப் பார்த்தோமோ, கேட்டோமோ, முகர்ந்தோமோ, அது குமட்டலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைக் கேட்டாலே வயிறு புரட்டும். நாற்காலிக்குப் புதிய, சுமாரான சரக்கு போதும்.

மார்ச் 3, திங்கள். நாள் 1

முதலில் வாந்தித் தடுப்பு மருந்துகள், கூடவே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. அப்புறம் டாக்சோரூபிசின். பெரிய சிரிஞ்சில் பளீரென்ற சிவப்பு. நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் சலைனோடு சேர்த்துக் கையால் மெதுவாகத் தள்ளுவார். நடுநடுவே நிறுத்தி, ரத்தம் திரும்பி வருகிறதா என்று இழுத்துப் பார்ப்பார். அந்தச் சிவப்பு குழாய் வழியாக ஓர் இழையாக இறங்கிக் கையை நெருங்குவதைப் பார்த்தபடி பலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சிலர் அந்த நிமிடத்தில்தான் முதல் வேடிக்கையைச் சொல்வார்கள். இரண்டும் சரி.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. ஊசி இருக்கும் இடத்தில் எரிச்சல், வலி, வீக்கம் என்று ஏதாவது தோன்றினால் அந்த நொடியே சொல்லுங்கள். இந்த மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையே புண்ணாகிவிடும். 'லேசா கடிக்குது, கொசுவா இருக்கும்' என்று வேடிக்கையாகச் சொன்னால் நர்ஸும் சிரித்துவிட்டு மேலே தள்ளக்கூடும். கீமோ வார்டில் நாங்கள் எல்லாரிடமும் கேட்டுக்கொள்வது இதைத்தான்: எண் முதலில், வேடிக்கை பிறகு. 'வலி பத்துக்கு ஆறு' என்று சொல்லி முடித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், சேர்ந்து சிரிக்கிறோம். எப்போதும் சிரித்த முகமாக இருப்பவருக்கு வலி குறைவு என்று சுற்றியிருப்பவர்கள் நினைத்துக்கொள்வது சுலபம். அப்படித்தான் வலி மருந்தின் அளவும் குறைந்துபோகும்.

சைக்ளோபாஸ்பமைடு வேகமாக ஓடினால் மூக்குக்குள் குறுகுறுக்கும், அடைத்த மாதிரி இருக்கும். வேகத்தைக் குறைத்தால் சரியாகும், சொல்லுங்கள்.

மருந்து ஏற்றும் பம்ப் கத்தினால் பதற வேண்டாம். முழங்கையை மடித்ததால் குழாய் நெரிந்திருக்கும், அல்லது காற்றுக்குமிழி வந்திருக்கும், அல்லது பை காலியாகியிருக்கும். கையை நீட்டிவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். கழிப்பறைவரை கூடவே உருண்டு வரும் டிரிப் ஸ்டாண்டுக்குப் பெயர் வைத்துவிடுகிறவர்கள் நிறைய. 'வாடா தம்பி, போயிட்டு வரலாம்' என்று ஒருவர் அதை இழுத்துக்கொண்டு நடந்தால் அடுத்த நாற்காலியில் இருப்பவரும் தன் ஸ்டாண்டைத் திரும்பிப் பார்க்கிறார். யாரையும் நோகடிக்காத வேடிக்கைக்கு இது நல்ல தொடக்கம்.

இன்றும் நாளையும் சிறுநீர் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ போகும். அது மருந்தின் நிறம். வீட்டில் இருப்பவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரண்டு நாளைக்குப் பிறகும் சிவப்பு நிற்கவில்லை, எரிகிறது, கட்டியாக வருகிறது என்றால் அது ரத்தமாக இருக்கலாம், உடனே கூப்பிட வேண்டும். சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையை அரிக்கும். தண்ணீர் நிறையக் குடித்து, அடக்காமல் அடிக்கடி போய்விடுங்கள், படுக்கப் போகும் முன்பும்.

மார்ச் 4, செவ்வாய். நாள் 2

விக்கல், தூக்கமின்மை, சிவந்த கன்னம், ஓயாத பேச்சு. எல்லாம் டெக்ஸாமெத்தசோன் செய்கிற வேலை. மாத்திரையைக் காலையில், சாப்பாட்டோடு போடுங்கள். இரண்டு வேளை என்றால் இரண்டாவதை மதியத்தோடு முடித்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். விக்கல் சாப்பிட விடவில்லை, தூங்க விடவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். மாற்று வழி உண்டு.

மார்ச் 6, வியாழன். நாள் 4

ஸ்டீராய்டு நின்றதும் உடம்பு தொப்பென்று விழும். நேற்றுவரை கலகலவென்று பேசியவர் இன்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். காரணமே தெரியாமல் அழுகை வரும்.

இன்றைக்கு நகைச்சுவை வேண்டாம். வீட்டில் இருப்பவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். 'எழுந்திரு, இதைப் பாரு, சிரிப்பா இருக்கு' என்று போனை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். விளக்கைக் குறைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீரை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, கூப்பிடும் தூரத்தில் இருந்தால் போதும். அவரே கேட்டால் காதால் கேட்கும் ஒன்றை மெல்லிய சத்தத்தில் போடுங்கள். தண்ணீர்கூட 24 மணி நேரமாக உள்ளே தங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் பேசுங்கள்.

மார்ச் 10, திங்கள். நாள் 8

வாய்ப்புண் தலைகாட்டும் நேரம். வாயைத் திறந்து சிரித்தால் கடைவாய் கிழியும், உதடு வெடிக்கும். சிரிக்க ஆசைப்படுகிறவர் முதலில் வாயைக் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. தினமும் புதிதாகக் கலக்குங்கள். சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும், முழித்திருக்கும் நேரத்தில் சில மணிக்கொரு தடவையும் 30 நொடி மெதுவாகக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, வெறும் தண்ணீரால் ஒரு முறை. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிக்கும், வேண்டாம். மிருதுவான பிரஷ் போதும். உதட்டுக்குக் களிம்பைத் தடவிவிட்டு ஃபோல்டரைத் திறங்கள். வெள்ளைப் படலம் படர்ந்தாலோ விழுங்க முடியாமல் போனாலோ காத்திருக்க வேண்டாம். பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்கு மருந்து இருக்கிறது.

மார்ச் 12, புதன். நாள் 10

வெள்ளணுக்கள் அடிமட்டத்தைத் தொடும் நாட்கள், ஏறக்குறைய 7-இலிருந்து 14 வரை. கூட்டம் ஆகாது. சளி, காய்ச்சல் உள்ளவர் யாராக இருந்தாலும் வாசலோடு சரி.

தனியாக இருக்கும்போது ஃபோல்டர் ஏன் பலிக்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். ராபர்ட் ப்ரோவைன் என்ற ஆய்வாளர் கணக்கெடுத்துப் பார்த்தார். மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைப்போல 30 மடங்கு கூடுதலாக, கூட யாராவது இருக்கும்போது சிரிக்கிறார்கள். அதனால் தனிமை கட்டாயமான இந்த வாரத்தில் துணையைப் போன் வழியாக ஏற்பாடு செய்யுங்கள். மாலையில் ஒரு நேரம் குறித்து, பிடித்த ஒருவரும் நீங்களும் ஒரே துண்டை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, லைனைத் திறந்து வைத்துக் கேளுங்கள். அந்தப் பக்கம் ஒருவர் சிரிக்கிற சத்தம் கேட்டாலே இந்தப் பக்கம் தொற்றிக்கொள்ளும். பத்து நிமிடம் போதும், மூச்சு வாங்கினால் நிறுத்திவிடுங்கள்.

தெர்மாமீட்டர் தலைமாட்டில் இருக்க வேண்டும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட வேண்டும். கேட்காமல் பாராசிட்டமால் போடாதீர்கள், காய்ச்சலை மறைத்துவிடும். நடுக்கத்தை 'டான்ஸ் ஆடுறேன்' என்று சொல்லிச் சிரித்துச் சமாளிக்கும் நேரம் இதுவல்ல. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோபில் 500-க்குக் கீழே இருக்கும்போது ஒரு சாதாரணக் கிருமியே சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகும்.

மார்ச் 18, செவ்வாய். நாள் 16

முடி. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் கொட்டத் தொடங்கும். அதற்கு முன்னால் மண்டைத் தோல் கூசும், தலையணையில் தலை வைத்தாலே நோகும். பிறகு ஒரு காலை, தலையணை உறை முழுக்கச் சுருள் சுருளாகக் கிடக்கும். சீப்பில் ஒரு பிடி, குளிக்கும் இடத்தில் ஒரு பிடி. பலருக்கும் நோய் என்னவென்று கேட்ட நாளைவிட இந்தக் காலை கனமானது.

மழிக்க முடிவெடுத்தால் எலெக்ட்ரிக் டிரிம்மர், பிளேடு வேண்டாம். கீறல் விழுந்தால் கிருமி நுழையும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைவாக இருந்தால் ரத்தம் நிற்காது. விக் வேண்டுமென்றால் முடி இருக்கும்போதே நிறமும் வகிடும் பார்த்து எடுத்துவிட வேண்டும். மூக்கு முடியும் போய்விடுவதால் குனிந்தால் தண்ணீராக ஒழுகும், இது யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டையைப் பற்றிய வேடிக்கைகள் இங்கேதான் பிறக்கும். 'ஷாம்பு செலவு மிச்சம்' என்று அவரே சொன்னால் அறையே லேசாகிவிடும். அதே வார்த்தையைப் பார்க்க வந்த சித்தப்பா சொன்னால் முகம் சுருங்கிவிடும். சொல் ஒன்றுதான், ஆனால் இழந்தவருக்கே அதன்மேல் உரிமை. அவர் கதவைத் திறக்கும் வரை நாம் வெளியே நிற்போம். திறந்த பிறகும் அவர் எவ்வளவு தூரம் போகிறாரோ அதற்கு ஒரு அடி பின்னால் நடப்போம். நேற்று அவரே சிரித்த விஷயம் இன்று வலிக்கலாம், அதையும் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்ச் 20, வியாழன். நாள் 18

உடம்பு தேறி வரும் நாள். மற்ற சிகிச்சைகளில் இருப்பவர்களுக்கும் சில.

வயிற்றிலோ மார்பிலோ அறுவை செய்தவர்களுக்குச் சிரிப்பு என்றால் தையல் பிடித்து இழுக்கும். ஒரு கெட்டியான தலையணையைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். சிரிப்போ இருமலோ வரும்போல இருந்தால் முழங்காலை மடக்கி, தலையணையைக் காயத்தின் மேல் இரு கையாலும் அணைத்து அழுத்துங்கள். வலி வெகுவாகக் குறையும்.

புராஸ்டேட், கருப்பை அறுவைக்குப் பிறகு சிரித்தால் சிறுநீர் கசிவது சகஜம். அதற்குப் பயந்து சிரிப்பையே விட்டவர்கள் உண்டு. அது கூடாது. சிறுநீரை நிறுத்தப் பயன்படும் தசையைச் சிரிப்பு வெடிக்கும் முன் இறுக்கிப் பிடித்து, அது அடங்கியதும் விட வேண்டும். பழகினால் தானாக வரும். சிறுநீர்க் குழாய் எடுத்த பிறகே இந்தப் பயிற்சி.

ரேடியேஷனில் முகமூடி போடுகிறவர்கள், மேஜையில் படுத்தபின் எந்த வேடிக்கையும் கேட்கக் கூடாது. அந்தப் பிளாஸ்டிக்கை வெந்நீரில் இளக்கி முகத்தில் படியவைத்து இறுகவிட்டிருப்பார்கள். கதிர் மில்லிமீட்டர் துல்லியத்தில் பாய்வதால் ஒரு குலுங்கலும் ஆகாது. நிறுத்த வேண்டுமென்றால் கையைத் தூக்குவது என்று முன்பே பேசிவையுங்கள், அவர்கள் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முடிந்து எழுந்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக அச்சு விழுந்திருக்கும். அப்போது சிரிக்கலாம்.

பெட் ஸ்கேனுக்குக் கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் போட்டபின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசாமல், சிரிக்காமல் படுத்திருக்கச் சொல்வது கண்டிப்பினால் அல்ல. வேலை செய்யும் தசை அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், தொண்டை படத்தில் ஒளிரும், பார்ப்பவர் குழம்புவார். சிடி ஸ்கேனில் சாய மருந்து ஏறும்போது உடம்பெங்கும் சூடு பரவும், உடையிலேயே சிறுநீர் போய்விட்ட மாதிரி தோன்றும். போயிருக்காது. ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும், அசையாதீர்கள்.

மார்ச் 22, சனி. நாள் 20

ரத்தப் பரிசோதனை. பொதுவாக நியூட்ரோபில் 1,000 முதல் 1,500-க்கு மேலும், தட்டணு ஒரு லட்சத்துக்கு மேலும் இருந்தால்தான் அடுத்த சுற்று. குறைவாக இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போகும். அடிக்கடி நடப்பதுதான், யாருடைய தவறும் இல்லை. முடிவு வரும் வரை வீட்டில் யாரும் வேடிக்கை பேச முயல வேண்டாம். எண்ணைக் கேட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 23, ஞாயிறு. நாள் 21

நாளை இரண்டாம் சுற்று. நர்ஸிடம் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதுங்கள்: விக்கல் எத்தனை நாள், வாந்தி எத்தனை முறை, வாய்ப்புண் எந்த நாளில் தொடங்கியது, வலி பத்துக்கு எத்தனை. தெர்மாமீட்டர் பேட்டரியைப் பாருங்கள். ஃபோல்டரில் நாற்காலியில் கேட்டவற்றை அழித்துவிட்டுப் புதிதாக ஆறேழு போடுங்கள். உங்களுக்கு உயிரான அந்த ஒன்று வீட்டிலேயே இருக்கட்டும்.