திருப்பாப்புலியூரா, முதுநகரா?

"விருத்தாசலம் வண்டி இங்கதானே தம்பி?"

இன்று காலை கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் (பேச்சு வழக்கில் திருப்பாப்புலியூர்) ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு பாட்டி. முந்தானை முடிச்சில் சுருட்டிய பத்து ரூபாய் நோட்டுகள்.

வெளியூர்க்காரர்களும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருப்பது திருப்பாப்புலியூர் ஸ்டேஷன். குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் போகும் பாதை பிரிவதோ தெற்கே கடலூர் முதுநகர் ஜங்ஷனில். எந்த ஸ்டேஷனில் ஏற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பாசஞ்சர் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறாதீர்கள். கட்டணம் வேறு, பிடித்தால் அபராதமே குறைந்தது 250 ரூபாய்.

புதுச்சேரிக்கு இங்கிருந்து நேர் தண்டவாளம் இல்லை. விழுப்புரம் போய்ச் சுற்ற வேண்டும். பஸ்ஸே மேல்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் இதையெல்லாம் பெரிய எழுத்தில் ஒரு போர்டாக வைத்தால் எத்தனை பேருக்கு அலைச்சல் மிச்சம்!