நடமாட்டம் உள்ளவர்கள் மட்டும்

என் அத்தைக்கு 78 வயது. அவருடைய ஒரே மகனை நான் நினைவு தெரிந்த நாளிலிருந்து அத்தான் என்றுதான் அழைக்கிறேன். அவருக்கு 52 வயதாகிறது, பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவர். மாமா காலமான பிறகு மயிலாடுதுறை வீட்டில் தாயும் மகனுமாகவே காலம் தள்ளினார்கள். சென்ற ஆண்டு ஐப்பசியில், விடாமல் மழை பெய்த ஒரு நாளில், அத்தைக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சும் போய்விட்டது. சமையலறைத் தரையில் விழுந்து கிடந்த தாயின் தலைமாட்டில் அத்தான் காலையிலிருந்து உட்கார்ந்தே இருந்திருக்கிறார். மாலைப் பால் கொண்டுவந்தவர் பார்த்த பிறகுதான் எனக்குத் தொலைபேசி வந்தது.

மருத்துவமனையில் 19 நாட்கள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். பார்த்துக்கொள்ள வேண்டியவரே படுத்துவிட்ட வீடு அது. நானோ திருச்சியில் மின்தூக்கி இல்லாத மூன்றாவது மாடியில் குடியிருந்து வேலைக்குப் போய்வருபவள். இருவரையும் நம்பி ஒப்படைக்க ஓர் இடம் தேடி, ஒரு மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்ட முதியோர் இல்லங்களுடன் பேசினேன். பெயரைக் கேட்பதற்கு முன்பே பெரும்பாலானோர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அம்மா நடப்பாங்களா? பாத்ரூம் தானா போய்க்குவாங்களா?" இல்லை என்றதும் குரல் தணிந்து, வேறு இடம் பாருங்கள் என்றார்கள். ஓர் இல்லத்தின் வாசலில் 'நடமாட்டம் உள்ளவர்கள் மட்டும்' என்று பலகையே வைத்திருந்தார்கள். சேரும்போது நடந்து, பிறகு படுக்கையில் விழுந்தவர்களை என்ன செய்வீர்கள் என்று அங்கே கேட்டேன். குடும்பத்தாரை வரவழைத்து அழைத்துப் போகச் சொல்லிவிடுவோம் என்று பதில் வந்தது.

அவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அவர்களுடைய அச்சம் புரியாமலும் இல்லை. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் விடாமல், பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். காற்று மெத்தை போட்டுவிட்டால் இந்த வேலை இல்லை என்று நான் நினைத்திருந்தது தவறு. குதிகாலையும் வால் எலும்புப் பகுதியையும் நாள்தோறும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது அது வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால், தோல் கிழியாவிட்டாலும் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்ய வேண்டும். விழுங்குவதில் சிக்கல் இருப்பவரை நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறிது சிறிதாக ஊட்டி, ஊட்டி முடித்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே உட்காரவைக்காவிட்டால் உணவு நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். இதையெல்லாம் செய்ய, பயிற்சி பெற்ற ஆட்கள் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியே வேண்டும். நான் பார்த்த ஓர் இல்லத்தில் 30 பேருக்கு இரவில் ஓர் ஆயாம்மாதான் இருந்தார். அவரிடம் போய் இரண்டு மணிக் கணக்கைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதற்காகவே அதைப் பலரும் அறிந்திருக்கிறார்கள். அதன் 19-ஆம் பிரிவு, வறிய நிலையில் உள்ள முதியவர்கள் குறைந்தது 150 பேர் தங்கக்கூடிய இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றேனும் என்று தொடங்கி, படிப்படியாக மாநில அரசு முதியோர் இல்லங்களை அமைக்கலாம் என்கிறது. அமைக்கலாம் என்றுதான் இருக்கிறதே தவிர, அமைக்க வேண்டும் என்று இல்லை. அந்த ஒரு சொல்லில் எத்தனை முதியவர்களின் கடைசிக் காலம் தொங்கிக்கொண்டிருக்கிறது! சென்னை கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டதை மனதார வரவேற்கிறேன். ஆனால், மருத்துவமனை என்பது நோயைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பும் இடம். இனி ஆண்டுக்கணக்கில் படுக்கையில்தான் இருக்கப்போகிறார் என்றாகிவிட்ட ஒருவருக்கு மருத்துவமனையிலும் இடமில்லை, முதியோர் இல்லத்திலும் இடமில்லை.

அத்தானுக்கு இடம் தேடியது இதைவிடக் கடினமாக இருந்தது. சிறப்புக் குழந்தைகளுக்கான இல்லங்கள் 18 வயதோடு நிறுத்திக்கொண்டன. பெரியவர்களைச் சேர்க்கும் இடங்களில் வரிசை நீண்டிருந்தது. தாயையும் மகனையும் ஒரே வளாகத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டபோது, "அது வேற துறைங்க" என்றார் ஓர் அலுவலர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கைகால் இயக்கக் குறைபாடு அவற்றுள் ஒன்று. அப்படியென்றால் என் அத்தையும் இன்று மாற்றுத்திறனாளிதான், அத்தானும் இன்னும் எட்டு ஆண்டுகளில் மூத்த குடிமகன்தான். முதியோர், மாற்றுத்திறனாளி என்று கோப்புகளில் இருக்கும் இந்தப் பிரிவினை அவர்கள் உடம்பில் இல்லை.

தேடலின்போது ஓரிடத்தில் ஆண்கள் பகுதியின் இரும்புக் கதவு பட்டப்பகலில் வெளியே பூட்டப்பட்டிருந்தது. சாவி, சந்தைக்குப் போயிருந்த மேற்பார்வையாளரிடம் இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்த செய்தியைப் படித்தவர்கள் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு அங்கே யாரையும் விட்டுவர மாட்டார்கள். இல்லம் தேடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: வரவேற்பறையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சொல்லாமல் இரவு எட்டு மணிக்குப் போய், கதவுகளையும் கழிவறைகளையும் இரவுப்பணியில் இருப்பவர்களின் எண்ணிக்கையையும் பாருங்கள்.

கடைசியில் திருச்சிக்கு அருகே, ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பன்னிரண்டு படுக்கைகளோடு நடத்தும் இல்லத்தில் அத்தைக்கு இடம் கிடைத்தது. கட்டில் தோறும் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. பக்கம் மாற்றிய நேரமும் அதைச் செய்தவரின் கையெழுத்தும் அதில் இருக்கின்றன. அத்தான், பேருந்தில் அரை மணி நேரத் தொலைவில் உள்ள வேறோர் இல்லத்தில் இருக்கிறார். அங்கே சேர்ந்த முதல் வாரம் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்காகவோ காத்திருப்பவர்போல் நின்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரைத் தாயிடம் அழைத்துப் போனேன். வழக்கம்போல் தட்டோடு கட்டிலருகே போய் நின்றார். 'சாப்பிடுப்பா' என்று சொல்ல முடியாத அத்தை, இடக்கையை மெல்ல நீட்டித் தட்டின் விளிம்பை விரலால் இருமுறை தட்டினார். அத்தான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தார். அன்று மாலையே அவருடைய இல்லத்தில் இதைச் சொன்னேன். இப்போது அங்குள்ள ஆயாம்மா ஒவ்வொரு வேளையும் தட்டின் விளிம்பில் இருமுறை தட்டிவிட்டுத்தான் பரிமாறுகிறார்.

அத்தானுக்குச் சட்டப்படியான பாதுகாவலர் என்று யாரும் இல்லாதது வங்கிக்குப் போனபோதுதான் தெரிந்தது. பெற்ற தாய்க்குத் தனியாகச் சான்று எதற்கு என்று அத்தை எண்ணியிருக்க வேண்டும். ஆனால் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது நிறைந்துவிட்டால், பாதுகாவலராக இருக்கப் பெற்றோரும்கூட, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். இத்தகைய பிள்ளைகள் உள்ள பெற்றோர், உடம்பில் தெம்பு இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள். நான் விண்ணப்பித்திருக்கிறேன், விசாரணைக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இருவரையும் ஒரே இடத்தில் வைக்க வழி உண்டா என்று ஆட்சியரிடம் நேரிலேயே கேட்கப் போகிறேன்.