உலோகத்துக்கு நிறம் கடைசியில்: ஸ்கிராப்புக் பிராடும் பேப்பர் கிளிப்பும்

டிஜிட்டல் ஸ்கிராப்புக் கிட்களில், அதாவது கணினியில் படப் பக்கங்களை அலங்கரிக்கும் படத் தொகுப்புகளில், காகிதம், ரிப்பன், பூ எல்லாம் அழகாக அமைந்துவிடும். உலோகத்தில்தான் சறுக்கும். தங்கப் பிராட் (காகிதத்தில் குத்தும் வட்டத் தலை உலோக ஊசி) என்று பெயர் இருக்கும். பக்கத்தில் வைத்தால் மஞ்சள் பிளாஸ்டிக் பொத்தானாகத் தெரியும். மஞ்சளை முதலில் நிரப்பிவிட்டு, அதன்மேல் வெள்ளை ஒளியை ஏற்றுவதால் வரும் கோளாறு இது.

எவர்சில்வர் டம்ளர் ஒன்றை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். பளீரென்ற வெள்ளைப் பட்டை, அதை ஒட்டியே ஏறக்குறையக் கறுப்புப் பட்டை. இரண்டுக்கும் நடுவில் மெல்லக் கரையும் சாம்பல் அநேகமாக இருக்காது. பக்கத்திலேயே ஒரு பித்தளைச் செம்பை வையுங்கள். அதன் ஒளிப்புள்ளிகூட மஞ்சள் சாயலோடு இருக்கும். பிளாஸ்டிக்கிலோ ஒளிப்புள்ளி விளக்கின் நிறத்திலேயே நிற்கும். உலோகம் எதிரில் இருப்பதைக் காட்டும்; காட்டும்போது அதன்மேல் தன் சாயத்தையும் ஏற்றும். அதனால் முதலில் சாம்பலில் ஒளியைச் சரிசெய்ய வேண்டும், நிறத்தைக் கடைசியில் ஏற்ற வேண்டும். கீழே உள்ளவை ஃபோட்டோஷாப்புக்கான அளவுகள்.

முதலில் அளவு. 12 அங்குலப் பக்கம் 300 பிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில், 3600 பிக்சல். கால் அங்குலப் பிராட் 75 பிக்சல்தான். அந்த அளவிலேயே வரைந்தால் விளிம்பு கரடுமுரடாகும், ஆகவே நான்கு மடங்கில் வேலை செய்யுங்கள். 400 க்கு 400 பிக்சல், 300 பிபிஐ, ஒளிபுகும் பின்னணி, 16 பிட். 8 பிட்டில் சாம்பல் கிரேடியன்ட் (ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு நகரும் நிரப்பல்) படிப்படியாக வரிவிழும். பிறகு நிறம் ஏற்றும்போது அந்த வரிகள் இன்னும் துலக்கமாகும்.

எலிப்ஸ் கருவியில் ஷிஃப்ட் விசையை அழுத்தி 300 பிக்சல் வட்டம் வரைந்து, நடுச் சாம்பல் நிரப்புங்கள். அதன்மேல் புது லேயரில் கீழிருந்து மேலாக ஒரு நேர்கோட்டு கிரேடியன்ட். சாம்பலின் அளவுகள் (0 கறுப்பு, 255 வெள்ளை) இவை: 0 சதவீதத்தில் 150, 35-இல் 70, 48-இல் 40, 52-இல் 235, 70-இல் 170, 100-இல் 215. உயிர் இருப்பது 48-க்கும் 52-க்கும் நடுவில்தான். அந்த நான்கு சதவீதத் தாவல்தான் டம்ளரில் பார்த்த கறுப்பு வெள்ளைச் சந்திப்பு. அதை அகலமாக்க ஆக, உலோகம் மெழுகாக மாறிவிடும்.

இந்தச் சந்திப்பு நேர்கோடாக நின்றால் பிராட் தட்டையாகத் தெரியும். கிரேடியன்ட் லேயரை வட்டத்தைவிட நன்றாகப் பெரிதாக்கி, டிரான்ஸ்ஃபார்மில் வார்ப் எடுத்து ஆர்க், பென்ட் 20 கொடுங்கள். பிறகு ஒளி வரும் பக்கமாக, அதாவது இடப்பக்கம் 30 டிகிரி சாய்த்து, 2 பிக்சல் காஸியன் பிளர் போட்டு, வட்டத்தின் மேல் கிளிப் செய்யுங்கள், அதாவது வட்டத்துக்குள் மட்டும் தெரியும்படி வையுங்கள். இந்த இடத்தில் ரேடியல் கிரேடியன்டைப் போடுகிறவர்கள் அதிகம். அது கோலிக்குண்டைத்தான் தரும்.

அடுத்து வட்டத்துக்குப் புடைப்புத் தரும் லேயர் ஸ்டைலான பெவல் அண்ட் எம்பாஸ்: இன்னர் பெவல், ஸ்மூத், டெப்த் 150, சைஸ் 40, சாஃப்டன் 4, கோணம் 120. கிளாஸ் கான்டூரில் ரிங் தேர்ந்து, பக்கத்திலுள்ள ஆன்ட்டி அலையஸ் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். இல்லையென்றால் வளையத்தில் பல்பல்லாகத் தெரியும். நிழல் ஒளிபுகாமை 50 போதும். கூடவே ஒரு இன்னர் ஷேடோ. குளோபல் லைட்டை எடுத்துவிட்டு கோணம் -60, பிளென்ட் மோட் ஸ்கிரீன், வெளிர் நிறம், 30 சதவீதம், தூரம் 6, சைஸ் 8. பெயர்தான் நிழல், இங்கே அது செய்வது வேறு. ஒளிக்கு எதிர்ப்புற விளிம்பில், கீழே கிடக்கும் காகிதத்திலிருந்து எழும்பும் மெல்லிய ஒளியைக் காட்டும். இந்த ஒரு கோடு இல்லாத பிராட் பக்கத்தில் உட்காராது, மிதக்கும்.

இனி நிறம். பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். சாம்பலின் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நிறம் கொடுப்பது கிரேடியன்ட் மேப். அதை நேராக வட்டத்தின் மேல் கிளிப் செய்தால், லேயர் ஸ்டைலின் ஒளி அதற்கும் மேலே நின்றுவிடும். நடுப்பகுதி தங்கமாகும், விளிம்பு வெள்ளையாகவே இருக்கும். பழைய பிளாஸ்டிக் பொத்தான் திரும்ப வந்துவிடும். வட்டத்தையும் கிரேடியன்ட் லேயரையும் சேர்த்து, ஸ்டைலோடு ஒரே பொட்டலமாக அடைக்கும் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றி, அதன்மேல் கிரேடியன்ட் மேப்பை கிளிப் செய்யுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் தங்கத்துக்கு: 0-இல் 38, 20, 4; 35-இல் 120, 78, 22; 65-இல் 205, 160, 70; 88-இல் 250, 225, 150; 100-இல் 255, 250, 230. செம்புக்கு 40, 14, 6-இல் தொடங்கி 125, 58, 32 வழியாக 200, 120, 85. உச்சியில் 255, 215, 190. பித்தளை தங்கத்தைவிடச் சற்றுப் பச்சைப்பக்கம் சாயும்: 36, 26, 6; 116, 92, 34; 196, 170, 92; 250, 240, 190. ஹ்யூ சாச்சுரேஷனில் கலரைஸ் போட்டால் எல்லா அடுக்குக்கும் ஒரே மஞ்சள்தான் கிடைக்கும். உண்மைத் தங்கத்தில் இருட்டு செம்பழுப்பாகவும் வெளிச்சம் எலுமிச்சையைத் தாண்டிய வெண்மையாகவும் நகரும். அந்த நகர்வை கிரேடியன்ட் மேப்தான் தரும். சாம்பல் பிராட் ஒன்று கையில் இருந்தால் தங்கம், வெள்ளி, செம்பு, பித்தளை எல்லாம் மேப்பை மாற்றுவதில் முடிந்துவிடும்.

ஃபோட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப் மென்பொருளை வைத்திருப்பவர்கள் புடைப்புக்கு பம்ப் மேப், நிறத்துக்கு கலர்ஸ் மெனுவின் மேப் பகுதியிலுள்ள கிரேடியன்ட் மேப் என்று இதே வழியில் போகலாம்.

பழைய உலோகம் வேண்டுமா? அழுக்கை மேலே தூவாதீர்கள். புளி போட்டுத் தேய்த்த பித்தளை விளக்கில் மேடு பளபளக்கும், இடுக்கில் கறுப்பு தங்கும். அதே ஒழுங்குதான் இங்கும். குழிவுகளிலும் எழுத்தின் ஓரங்களிலும் அடர்பழுப்பை மல்டிப்ளையில் வையுங்கள். செம்பென்றால் அங்கேயே கொஞ்சம் நீலப்பச்சைக் களிம்பு. மேடான விளிம்புகளைச் சுத்தமாக விடுங்கள். தேய்த்த வரிகளுக்கு: சாம்பல் லேயரில் 30 சதவீத ஒற்றை நிற நாய்ஸ், ரேடியல் பிளரில் ஸ்பின் 20, சாஃப்ட் லைட் 35 சதவீதம். வட்டமாகத் தேய்த்த தட்டில் ஒளி வில் முடிச்சு வடிவில் இரு பக்கமும் விரியும். அதற்கு ஆங்கிள் கிரேடியன்ட் வேண்டும். தொடக்க நிறமும் முடிவு நிறமும் ஒன்றாக இல்லாவிட்டால் நடுவிலிருந்து ஒரு வெட்டுக்கோடு ஓடும்.

சிறிதாக்கும்போது ஒரு எச்சரிக்கை. லேயர் ஸ்டைலின் அளவுகள் பிக்சலில் நிற்பவை. சாதாரண லேயரை ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மில் கால் பங்காக்கினால் வட்டம் சுருங்கும், 40 பிக்சல் பெவல் அப்படியே இருக்கும். பிராட் உப்பிய பலூனாகிவிடும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் இந்தத் தொல்லையைத் தீர்க்கும். ஆனால் அதில் ஒளி உறைந்துவிடுகிறது. சாய்த்து வைக்கவேண்டிய எழுத்து, பேப்பர் கிளிப் போன்றவற்றை ஸ்டைல் உயிரோடு இருக்கும்போதே சாய்த்துவிடுங்கள். பிறகு சாய்த்தால் ஒளியும் கூடவே திரும்பி, ஒரே பக்கத்தில் இரண்டு சூரியன் தெரியும்.

நிழலை பிஎன்ஜி கோப்புக்குள் சேர்க்க வேண்டாம். பிளென்ட் மோட் பிஎன்ஜியில் தங்காது. லினியர் பர்னில் அழகாக இருந்த நிழல், வண்ணக் காகிதத்தில் சாம்பல் கறையாக விழும். நிழலைப் பக்கத்தில் வைத்த பிறகு போடுங்கள். ஃபோட்டோஷாப் 2015 பதிப்பு முதல் ஒரே லேயருக்கு இரண்டு டிராப் ஷேடோ வைக்க முடிகிறது: காகிதத்தைத் தொடும் இடத்துக்கு தூரம் 2, சைஸ் 3, 60 சதவீதம்; பரவும் நிழலுக்கு தூரம் 6, சைஸ் 10, 30 சதவீதம். நிறம் கறுப்பு வேண்டாம், 45, 30, 20.

பேப்பர் கிளிப்புக்குக் கம்பி ஒரு மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 12 பிக்சல். நீளம் 33 மில்லிமீட்டர், 390 பிக்சல். பென் கருவியில் பாதை வரைந்து, 12 பிக்சல் கடின பிரஷ்ஷில் ஸ்ட்ரோக் செய்யுங்கள். பெவல் சைஸ் கம்பியின் பாதி, 6. அதற்கு மேல் போனால் பயனில்லை. காகிதத்துக்குப் பின்னால் போகும் பகுதியை லேயர் மாஸ்க்கில் மறைத்தவுடன், வெட்டிய இடத்தில் புதிதாக ஒரு பெவல் முளைத்து, கம்பி அங்கேயே முடிந்தது போலத் தோன்றும். பிளென்டிங் ஆப்ஷன்ஸில் 'லேயர் மாஸ்க் ஹைட்ஸ் எஃபெக்ட்ஸ்' என்பதை டிக் செய்தால் போய்விடும். காகிதத்தின் விளிம்பை மடக்கிக் கம்பி உள்ளே நுழையும் அந்த இடத்தில் மட்டும், 5 பிக்சல் மென்பிரஷ்ஷால் தனி லேயரில் சின்னதாக ஒரு அழுத்த நிழல் தீட்டுங்கள். டிராப் ஷேடோ அந்த இறுக்கத்தைத் தராது.