தமிழ்ப் புதல்வன் பணம் வரவில்லையா? ஆதாரைப் பாருங்கள்

தம்பி பத்தாவது முடித்துவிட்டு அரசு ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்திருக்கிறான். பயிற்சிக் கட்டணம் கிடையாது, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. இது போக ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்ததால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் என்று 2022 செப்டம்பரில் வந்ததே, அதே மாதிரி பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் ஆரம்பித்தது. ஆக மொத்தம் 1750. லேத் பட்டறைக்குப் போனால் இதைவிடக் கூடவே சம்பாதிப்பான், அப்பா அதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். ஆனால் கைச்செலவுக்கு வீட்டில் கேட்க வேண்டாம் என்றதும் அவரும் சரி என்றுவிட்டார்.

விண்ணப்பம் பெரிய வேலை இல்லை. ஐடிஐயில் இதற்கென்று பொறுப்பில் இருக்கும் சார் ஆதார், டிசி, பள்ளியில் ஒவ்வொரு மாணவனுக்கும் தரும் எமிஸ் எண், பாஸ்புக் நகல் எல்லாம் வாங்கிக்கொண்டு அவரே கணினியில் ஏற்றிவிட்டார். இந்த ஆயிரத்துக்குச் சாதியோ வருமானமோ பார்ப்பதில்லை, வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இதுவும் உண்டு. அதனால் யாராவது வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் போய் நில் என்றால் எதற்கு என்று கேட்டுவிட்டு நில்லுங்கள்.

சிக்கல் அப்புறம்தான் வந்தது. கூடப் படிக்கிறவர்களுக்கெல்லாம் பணம் ஏறிவிட்டது, இவன் பாஸ்புக்கில் ஒரு வரிகூட இல்லை. ஐடிஐயில் கேட்டால் "உனக்குப் போய்விட்டது, சக்சஸ் என்று காட்டுகிறது" என்கிறார்கள். வங்கியில் கேட்டால் "ஆதார் இணைத்துத்தான் இருக்கிறது, பணம் எதுவும் வரவில்லை" என்கிறார்கள். இருவர் சொன்னதும் உண்மைதான் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. கவுன்டரில் இருந்தவர் இன்னும் ஒரு நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

முடிச்சை அவிழ்த்தது அம்மா. நூறு நாள் வேலைச் சம்பளத்தில் இதே கூத்தை ஏற்கெனவே பார்த்தவர். "இவனுக்குக் கடைசியா எந்த பேங்க்ல ஆதார் குடுத்தோம்? அங்கதான் போயிருக்கும் பாரு" என்றார். மை ஆதார் தளத்தில் ஆதார் எண் போட்டு, போனுக்கு வந்த ஓடிபியையும் கொடுத்து வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால், வேறு வங்கியின் பெயர்! ரேஷன் கடை வாசலில் மேசை போட்டு, கைரேகை வைக்கச் சொல்லி, இலவசக் கணக்கு என்று திறந்து கொடுத்துவிட்டுப் போனார்களே, அந்தக் கணக்கு. அப்படி ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்திருந்தோம். பணம் மாதா மாதம் அதில்தான் விழுந்துகொண்டிருந்தது, ஒரு ரூபாய் குறையவில்லை.

விஷயம் இவ்வளவுதான். கணக்கு திறக்க அடையாளத்துக்கு ஆதார் கொடுப்பது வேறு, அரசுப் பணம் இந்தக் கணக்குக்கு வரட்டும் என்று என்பிசிஐயில் (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் அமைப்பு) பதிவது வேறு. நீங்கள் விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்தாலும், ஆதார் வழியாக அனுப்பும் பணம் கடைசியாக எந்த வங்கியில் அப்படிப் பதிந்தீர்களோ அங்கேதான் போகும். மாற்ற வேண்டுமென்றால் உங்களுக்கு வேண்டிய வங்கிக்குப் போய் "ஆதார் சீடிங், டிபிடிக்கு" (அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவதற்கான ஆதார் பதிவு) என்று அந்த வார்த்தையையே சொல்லிப் படிவம் கேளுங்கள். வெறுமனே ஆதார் இணைக்கணும் என்றால் ஏற்கெனவே இணைத்தாச்சு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தம்பி மைனர் என்பதால் அப்பா கையெழுத்தும் கேட்டார்கள். மாறிய பிறகு அதே தளத்தில் புது வங்கிப் பெயரும் தேதியும் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் பழசாக இருந்தால் ஓடிபி வராது, முதலில் ஆதார் மையத்துக்குப் போய் அதை மாற்றுங்கள்.

ஃபிட்டர் இரண்டு வருடப் படிப்பு. முடித்து எங்காவது அப்ரண்டிஸ் போகும்போது கம்பெனிக்காரர்கள் புதுக் கணக்கு ஒன்று திறக்கச் சொல்வார்கள். அந்தப் படிவத்திலும் மானியம் இந்தக் கணக்குக்கு வரட்டுமா என்று ஒரு கட்டம் இருக்கும், படிக்காமல் டிக் அடிக்காதே என்று இப்போதே தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.