இரவில் படியாத விரல்கள் காலையில் படிந்தது ஏன்?

நாற்பது வயதைக் கடந்த பின்பு கீபோர்டு கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். இரண்டு கைகளும் வெவ்வேறு கதியில் செல்ல வேண்டிய ஒரு சிறு பகுதியை, ஓர் இரவு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப வாசித்தும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தடுமாறினேன். சலித்துப்போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் காலையில், இடையில் ஒருமுறைகூட அதைத் தொடாத நிலையில், மூன்றாவது முயற்சியிலேயே பிழையின்றி வாசித்தேன். களைப்பு நீங்கியதால் வந்த தெளிவு என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் படித்தபோதுதான் விஷயம் அதைவிடப் பெரியது என்று புரிந்தது.

2002-இல் மேத்யூ வாக்கரும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆய்வில், வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் இடக்கை விரல்களால் ஒரு குறிப்பிட்ட வரிசையில் விசைகளைத் தட்டப் பழகினார்கள். காலையில் பழகி, பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்து, இரவில் மீண்டும் தட்டியபோது குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகு, வேகம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடியிருந்தது. இந்த உயர்வில் ஒரு பங்கு பயிற்சியின் களைப்பு நீங்கியதால் வந்ததாக இருக்கலாம் என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள், அந்த வாதத்தையும் நான் மதிக்கிறேன். ஆனால் உறக்கம் நினைவைக் காக்கிறது என்பதற்கு அந்த ஒரு சோதனையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. 1924-லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலென்பாக் என்னும் இருவர், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தவர்கள் அதன்பின் தூங்கினால் குறைவாகவும், அதே நேரத்தை விழித்துக் கழித்தால் அதிகமாகவும் மறப்பதைப் பதிவு செய்திருந்தார்கள். தூங்கும்போது புதிய செய்திகள் குறுக்கிடாததுதான் காரணம் என்பது அவர்களுடைய விளக்கம். அதாவது, உறக்கம் வெறும் அமைதியான இடைவேளை.

எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த எண்ணம் மாறத் தொடங்கியது. மூளையின் உட்புறத்தில் உள்ள ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதிதான் புதிய அனுபவங்களை முதலில் பிடித்துவைக்கிறது. 1994-இல் மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும், எலிகள் நடமாடியபோது அந்தப் பகுதியில் சேர்ந்து இயங்கிய நரம்பணுக்கள், பிறகு அவை தூங்கும்போதும் சேர்ந்தே இயங்க முனைவதைக் கண்டார்கள். பகலில் நடந்த பாதையை மூளை இரவில் மீண்டும் நடந்து பார்க்கிறது என்றே சொல்லலாம். ஆழ்ந்த உறக்கத்தின் மெதுவான மின்னலைகளோடு இந்த மறு இயக்கம் இணைந்து நடக்கும்போது, ஹிப்போகாம்பஸில் தற்காலிகமாக நின்ற நினைவுகள், மூளையின் வெளியடுக்கான பெருமூளைப் புறணியில் ஏற்கெனவே உள்ள அறிவோடு பின்னப்பட்டு நிலைபெறுகின்றன என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

இதை மனிதரிடம் சோதித்துக் காட்டியதில் என்னை மிகவும் கவர்ந்தது 2007-இல் ஜெர்மனியில் யான் போர்னின் குழு செய்த ஆய்வு. ரோஜா மணம் சூழ, ஜோடி ஜோடியான படச்சீட்டுகளில் எந்தச் சீட்டின் இணை எங்கே இருக்கிறது என்பதை மாணவர்கள் மனத்தில் பதித்தார்கள். ஆழ்ந்த உறக்கத்தில் அதே மணம் மீண்டும் அளிக்கப்பட்டபோது, மறுநாள் சுமார் 97 சதவீத இடங்களைச் சரியாகச் சொன்னார்கள். மணம் அளிக்கப்படாதபோது சுமார் 86 சதவீதம். விழித்திருக்கையிலோ, கனவுகள் மிகுந்த உறக்கநிலையிலோ அதே மணம் பயன் தரவில்லை. இதைப் படித்துவிட்டு, காதருகே பாடத்தை ஒலிக்கவிட்டுத் தூங்கினால் போதும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. மூளை மின்னலைகளைப் பதிவு செய்து, உண்மையாகவே தூங்கியவர்களிடம் சைமனும் எம்மன்ஸும் 1950-களில் நடத்திய சோதனைகளில், உறக்கத்தில் கேட்ட செய்திகள் நினைவில் நிற்கவில்லை. விழிப்பில் உழைத்துச் சேர்த்ததை மட்டுமே உறக்கம் உறுதிப்படுத்துகிறது.

கல்லூரி நாட்களில் தேர்வுக்கு முந்தைய இரவுகளை விடியும்வரை படித்தே கழித்தவன் நான். தேர்வில் ஓரளவு எழுத முடிந்தது. இரண்டு வாரம் கழித்து அந்தப் பாடங்களில் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை. அந்த இரவுகளை எண்ணி இப்போது உண்மையாகவே வருந்துகிறேன். தூங்காத மூளை பழையதை நிலைநிறுத்தத் தவறுவதோடு, புதியதை ஏற்கவும் திணறுகிறது: ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தவர்களிடம் புதிய படங்களைப் பதிக்கும் வேலையில் ஹிப்போகாம்பஸின் இயக்கம் குறைந்திருந்ததை 2007-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது.

பகல்தூக்கத்தைச் சோம்பலின் அடையாளமாகப் பார்ப்பதும் சரியன்று. பத்து முதல் இருபது நிமிடக் குட்டித்தூக்கம் கவனத்தைக் கூர்மையாக்கும். அரை மணி, முக்கால் மணி என்று நீளும்போது ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே எழ நேர்வதால் சற்று நேரம் மந்தமாக இருக்கும். அறுபது முதல் தொண்ணூறு நிமிடம் வரை தூங்கி, ஆழ்ந்த உறக்கத்தையும் கனவு உறக்கத்தையும் தொட்டவர்கள், காட்சிகளைப் பிரித்தறியும் ஒரு பயிற்சியில் ஓர் இரவுத் தூக்கத்துக்கு நிகரான பலன் பெற்றதாக சாரா மெட்னிக் குழுவினர் 2003-இல் வெளியிட்டார்கள். எனினும், இரவில் தூக்கம் பிடிக்காமல் அவதிப்படுவோருக்கு நீண்ட பகல்தூக்கம் நல்லதன்று. நான் மாலைப் பயிற்சிக்கு முன் இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துக் கண்ணயர்கிறேன்.

பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே இது முக்கியம் என்று நினைக்கிறேன். 2013-இல் மாசசூசெட்ஸில் பாலர் பள்ளி வயதினரிடம் செய்த ஆய்வில், காலையில் படங்களின் இடங்களை நினைவிற்கொள்ளும் விளையாட்டை ஆடிய குழந்தைகள், மதியம் தூங்கிய நாளில் நன்றாக நினைவுகூர்ந்தார்கள். விழிக்கவைக்கப்பட்ட நாளில் பலவற்றை மறந்தார்கள். வழக்கமாக மதியம் தூங்கும் குழந்தைகளிடம் இந்த இழப்பு தெளிவாகத் தெரிந்தது. அன்றிரவு தூங்கி எழுந்த பிறகும் அது ஈடாகவில்லை.