ஆற்றின் அடி கண்டவர் கட்டிய பாலம்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு வருவோர் பெரும்பாலும் 630 அடி உயரத்தில் மின்னும் கேட்வே ஆர்ச்சைப் பார்க்கவே வருகிறார்கள். நானும் அதற்காகத்தான் சென்றேன். ஆனால் அதற்குச் சற்று வடக்கே, மிசிசிப்பி ஆற்றைக் கடந்து நிற்கும் ஈட்ஸ் பாலத்தின் நடைபாதையில் ஏறிய பிறகு, எதையும் சுமக்காத அந்தப் பளபளப்பான வளைவின்மீது எனக்கிருந்த ஆர்வம் குறைந்துவிட்டது.

1874 ஜூலை 4 அன்று திறக்கப்பட்ட இப்பாலத்தைக் கட்டிய ஜேம்ஸ் புக்கானன் ஈட்ஸ், அதற்கு முன் ஒரு பாலமும் கட்டியவரல்லர். மூழ்கிய படகுகளின் சரக்கை மீட்பதற்காக அடிப்புறம் திறந்த மூழ்குகலத்தில் இறங்கி ஆற்றின் அடியிலேயே நடந்து பழகிய அவர், வெள்ளக் காலத்தில் அடிமணல் பனிப்புயல்போல் அலைந்தோடுவதை நேரில் உணர்ந்திருந்தார். அதனால்தான் தூண்கள் மணலைத் தாண்டி அடிப்பாறையிலேயே ஊன்ற வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அடிப்புறம் திறந்த பெரும் இரும்புப் பெட்டிகளை ஆற்றில் இறக்கி, அழுத்தப்பட்ட காற்றால் நீரைத் தடுத்து, உள்ளே நின்று தொழிலாளர்கள் மணலைத் தோண்டினார்கள். கிழக்குத் தூணுக்காக நீர்மட்டத்திலிருந்து 90 அடிக்கும் கீழே சென்றவர்கள், மேலே வந்ததும் மூட்டுவலியில் சுருண்டனர். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உயர் அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலேறும்போது குமிழிகளாகப் பிரிவதே காரணம் என்பது அன்று எவருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. நான் சாய்ந்து நின்ற கைப்பிடிக்கு நேர்கீழே அந்தத் தூண் இருந்தது. பழுப்பு நீருக்கு மேலே தெரிந்த கல்வரிசையைவிடத் தெரியாத பகுதியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடுவளைவின் நீளம் 520 அடி; இருபுற வளைவுகள் ஒவ்வொன்றும் 502 அடி. இவ்வளவு பெரிய பாலத்துக்கு எஃகை நம்பியது அன்று துணிச்சலான செயல். 1873 செப்டம்பரில், வெயிலில் விரிந்த எஃகுக் குழாய்கள் வளைவின் நடுவே எஞ்சியிருந்த இடைவெளியில் பொருந்த மறுத்தபோது, பனிக்கட்டியைச் சுற்றிக் குளிரவைத்தும் பலனின்றி, நீளத்தைத் திருகிக் கூட்டக் குறைக்க வல்ல இணைப்புக் குழாயைக் கொண்டு வளைவை இணைத்து முடித்தார்கள். திறப்புக்கு முன்னர், உறுதியற்ற பாலத்தில் யானை கால் வைக்காது என்ற நம்பிக்கையில் ஒரு யானையையும் நடத்திப் பார்த்தார்களாம். எனக்கென்னவோ, பின்னர் வரிசையாக நிறுத்திய பதினான்கு ரயில் எஞ்சின்களின் சாட்சியமே பெரிதாகப் படுகிறது.

திரும்பும்போது நடக்கவில்லை. கீழ்த்தளத்தில் இப்போதும் ஓடும் மெட்ரோலிங்க் ரயிலில் ஏறி, சன்னலோரம் அமர்ந்தேன். குறுக்குக் கம்பிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்க, அவற்றினூடே ஆறு துண்டு துண்டாகத் தெரிந்தது.