ராணியில்லாத ஆட்டம்

ஜூன் 4

எல்லாரும் எல்லாரோடும் மோதும் சதுரங்கப் போட்டி என்பதால் எதிராளி யாரென்று முன்பே தெரிந்துவிடுகிறது. நாளை மறுநாள் எனக்குக் கறுப்புக் காய்கள். எதிராளி இ4, அதாவது ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது, தவிர வேறு எதையும் முதல் நகர்த்தலாக ஆடாதவர். ராஜாவை விரட்டிப் பிடிப்பதில் தீராத ஆசை உள்ளவர். அப்படிப்பட்டவரிடமிருந்து முதலில் ராணியைப் பிடுங்க வேண்டும். ராணிகள் சீக்கிரமே வெட்டுப்படும் தொடக்கமான பெர்லின் தற்காப்புதான் சரி.

2000ஆம் ஆண்டு லண்டனில் உலகப் பட்டத்துக்கான போட்டியில் காஸ்பரோவுக்கு எதிராகக் கிராம்னிக் செய்தது அதுவே. காஸ்பரோவ் அந்தப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் உலகப் பட்டத்தை இழந்தார்.

ஜூன் 5

வெள்ளை நேர்வழியில் வந்தால் எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் வெட்டுப்படுகின்றன. கறுப்பு ராஜா டி8இல் வந்து நிற்கிறது. இனிக் கோட்டை கட்ட, அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றிப் பதுக்க, முடியாது. சி வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டைச் சிப்பாய்கள் வேறு. ராஜா பக்கத்தில் வெள்ளைக்கு நான்கு சிப்பாய், கறுப்புக்கு மூன்று. எல்லாக் காய்களும் போய்ச் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சினால் பொதுவாக வெள்ளைக்கே வெற்றி. ஆகவே கறுப்பு தன் இரண்டு பிஷப்புகளைக் காப்பாற்ற வேண்டும். இல்லையேல் ஆளுக்கொரு நிறக் கட்டத்தில் ஓடும் பிஷப்புகள் மிஞ்சும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைச் சலிப்பு என்பவர்கள் ஆனந்தும் கார்ல்சனும் மோதிய 2013 சென்னை உலகப் பட்டப் போட்டியின் 4ஆவது ஆட்டத்தைப் பார்க்கட்டும்; அதிலும் பெர்லின்தான், கார்ல்சனுக்குக் கறுப்பு. கார்ல்சனின் பிஷப் ஏ2 சிப்பாயை விழுங்கிவிட்டுத் தப்பியது. ஆனந்த் விடாமல் நெருக்கி 64ஆவது நகர்த்தலில் டிரா செய்தார்.

ஜூன் 6, இரவு

ராணிகள் போனதும் அவர் முகம் சுருங்கியது. ஒன்பதாவது நகர்த்தலாக எச்3 ஆடினார், அடுத்து ஜி4 தள்ளி எஃப்5இலிருந்த என் குதிரையை விரட்டும் எண்ணம். ராஜாவை இ8க்குத் திருப்பிவிட்டு எச்5 தள்ளினேன். பிறகு பிஷப்பைப் பி4க்குக் கொண்டுபோய்ச் சி3 குதிரையை வெட்டினேன். டி4இல் மீதிக் குதிரைகளும் போயின. அவர் பிஷப் கறுப்புக் கட்டத்தில், என்னுடையது வெள்ளைக் கட்டத்தில். யானைகளும் மறைந்தபின் ஒரு சிப்பாய் அதிகம் இருந்தும் அவரால் என் வெள்ளைக் கட்டங்களைத் தாண்ட முடியவில்லை. டிரா கேட்க அவருக்கு மனம் வரவில்லை. நெடுநேரம் ராஜாவை அங்குமிங்கும் நடத்திக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே நிலை மூன்று முறை வந்ததும் நடுவரை அழைத்தேன்.

அடுத்த சுற்றில் எனக்கு வெள்ளை. எதிரே பெர்லின் வந்தால் நான்காவது நகர்த்தலில் டி3 ஆடி ராணியை வைத்துக்கொள்வேன்.